கிரொய்ஸ்பேர்க்: அலுவலகத்தில் கீறிய ஒரு கோடு

பேர்லினுக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், கிரொய்ஸ்பேர்க் என்ற பெயர் எப்படியும் வந்துவிடும். துருக்கிக் கடைகள், ஆள் உயரத்துக்கும் மேலே போகும் சுவர் ஓவியங்கள், கால்வாய்க் கரையில் கால் நீட்டி இருக்கும் இளைஞர்கள், விடியும்வரை திறந்திருக்கும் உணவுக்கடைகள். பேர்லின் என்றதும் பலருக்கு மனதில் வருவது இந்தப் பகுதிதான்.

ஆனால் ஒரு நிர்வாக மாவட்டமாக கிரொய்ஸ்பேர்க் இன்று இல்லை. 1920இல் உருவான அந்த மாவட்டம் 2000ஆம் ஆண்டின் கடைசி நாளோடு முடிந்துபோனது. பெயர் மிஞ்சியிருக்கிறது, தனி மாவட்டம் இல்லை.

'மாவட்ட நிர்வாகமா? அதில் என்ன கதை இருக்கப்போகிறது?' என்று நீங்கள் நினைக்கலாம். ஜேர்மனியில் வளர்பவர்களுக்கு பெட்சிர்க் என்றால் பதிவு செய்யப் போய் இலக்கம் எடுத்துக்கொண்டு காத்திருக்கும் இடம். ஊரில் பெரியவர்கள் கச்சேரி என்று சொல்வார்களே, கிட்டத்தட்ட அதுமாதிரி. ஆனால் இந்த மாவட்டத்தின் எல்லைக் கோடு, அதைக் கீறியவர்கள் கனவிலும் நினைக்காத வேலைகளைச் செய்தது. அது ஒரு நகரத்தைப் பிளந்தது. ஐந்து சிறுவர்களின் உயிர் போகக் காரணமானது. அதே கோடு எங்கள் ஆட்கள் பலருக்கு வாசலாகவும் இருந்தது.

இருபது மாவட்டங்கள்

1920க்கு முன் இருந்த பேர்லின் சிறியது. ஏறக்குறைய 66 சதுர கிலோமீற்றருக்குள் 19 இலட்சம் பேர் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். சுற்றிவர இருந்த சார்லோட்டன்பூர்க், ஸ்பாண்டவ், நொய்க்கொல்ன் எல்லாம் தனித்தனி நகரங்கள். ரயில் பாதை, தண்ணீர்க் குழாய், கழிவுநீர், பள்ளிக்கூடம் என்று எதைக் கட்டுவதென்றாலும் பக்கத்து நகரத்தோடு பேரம் பேசவேண்டும்.

1920 ஏப்ரல் 27ஆம் திகதி பிரஷ்ய மாநிலச் சட்டசபை ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. ஆதரவு வாக்குகளுக்கும் எதிர் வாக்குகளுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. பணக்காரப் புறநகரங்கள் பலவற்றுக்கு ஏழைப் பேர்லினோடு சேர விருப்பமில்லை. ஆனாலும் சட்டம் வென்றது. அந்த ஆண்டு ஒக்டோபர் 1ஆம் திகதி 8 நகரங்கள், 59 கிராமங்கள், 27 பண்ணை நிலப்பகுதிகள் எல்லாம் ஒன்றாகி, 878 சதுர கிலோமீற்றர் பரப்பில் 'பெரும் பேர்லின்' பிறந்தது. மக்கள்தொகை 38 இலட்சம் அளவு. அந்தக் காலத்தில் லண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் அடுத்த பெரிய நகரம் அதுதான்.

இவ்வளவு பெரிய நகரத்தை ஒரே அலுவலகத்திலிருந்து நடத்த முடியாது. ஆகவே அதை 20 மாவட்டங்களாகப் பிரித்தார்கள். ஆறாவது மாவட்டத்துக்கு முதலில் வைத்த பெயர் ஹல்லெஷெஸ் டோர். பழைய நகர மதிலில் இருந்த ஒரு வாசலின் பெயர் அது. அடுத்த ஆண்டே அதை கிரொய்ஸ்பேர்க் என்று மாற்றினார்கள். கிரொய்ஸ்பேர்க் என்றால் சிலுவைக் குன்று. 66 மீற்றர் உயரமுள்ள அந்தக் குன்றின் மேல், நெப்போலியனுக்கு எதிரான போர்களின் நினைவாக 1821இல் திறந்த ஒரு நினைவுச்சின்னம் நிற்கிறது. அதன் உச்சியில் இரும்புச் சிலுவை. அதிலிருந்து குன்றுக்குப் பெயர், குன்றிலிருந்து மாவட்டத்துக்குப் பெயர்.

வடக்கே மிட்டெ மாவட்டம். வடகிழக்கே ஷ்பிரே ஆற்றுக்கு அப்பால் பிரீட்ரிக்ஸ்ஹைன் மாவட்டம். இந்தப் பிரிப்பில் லூய்சன்ஸ்டட் என்ற பழைய குடியிருப்பு இரண்டாகி, ஒரு துண்டு மிட்டெக்கும் பெரிய துண்டு கிரொய்ஸ்பேர்க்குக்கும் போனது. அன்று யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வீதியின் இந்தப் பக்கத்துக்கு ஒரு மாவட்டம், அந்தப் பக்கத்துக்கு இன்னொன்று. வீதியைக் கடக்க யாரிடமும் கேட்கத் தேவையில்லை. 1938இல் இந்தக் கோடுகளைச் சில இடங்களில் திருத்தினார்கள். அதுவும் சாதாரண அலுவலக வேலைதான்.

லண்டனில் ஒரு மேசை

இரண்டாம் உலகப்போர் முடியுமுன்பே, தோற்கப்போகும் ஜேர்மனியை எப்படிப் பங்கிடுவது என்று நேசநாடுகள் பேசத் தொடங்கிவிட்டன. 1944 செப்டம்பர் 12ஆம் திகதி லண்டனில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. பேர்லினையும் பங்கிடவேண்டும். எந்தக் கோட்டில்?

புதிதாக வரைய அவர்கள் மினக்கெடவில்லை. ஏற்கனவே இருந்த மாவட்ட எல்லைகளையே எடுத்துக்கொண்டார்கள். 1938 மார்ச்சில் பேர்லின் நகர அரசிதழில் வெளிவந்த எல்லைகள்தான் கணக்கு என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். கடைசியில் எட்டு மாவட்டங்கள் சோவியத் ஒன்றியத்துக்கு, ஆறு அமெரிக்காவுக்கு, நான்கு பிரித்தானியாவுக்கு, இரண்டு பிரான்சுக்கு என்று வந்தது. கிரொய்ஸ்பேர்க் அமெரிக்கர்களிடம் போனது. அதை ஒட்டிய மிட்டெ, பிரீட்ரிக்ஸ்ஹைன், திரெப்டோ மூன்றும் சோவியத் பக்கம்.

கழிவுநீருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வரி வசூலுக்கும் கீறிய கோடு, இப்படித்தான் இரண்டு வல்லரசுகளுக்கு இடையிலான எல்லை ஆனது.

1961 ஓகஸ்ட் 13ஆம் திகதி கிழக்கு ஜேர்மனி அந்தக் கோட்டின் மேல் முட்கம்பி போட்டது. பிறகு சுவர் எழுந்தது. பெர்னௌவர் வீதியில் வீடுகள் மிட்டெ மாவட்டத்தில் இருந்தன, அவற்றின் முன்னால் இருந்த நடைபாதையோ வெட்டிங் மாவட்டத்துக்குச் சொந்தம். அதாவது வீடு கிழக்கு, வாசற்படிக்கு வெளியே மேற்கு. வாசல்களை அடைத்ததும் ஆட்கள் யன்னலால் குதித்தார்கள். சிலர் அதில் இறந்தும் போனார்கள். லூய்சன்ஸ்டட்டில் புனித மிக்கேல் தேவாலயம் மிட்டெ பக்கம் நின்றுவிட்டது. கிரொய்ஸ்பேர்க் பக்கம் இருந்த பங்கு மக்கள் தங்கள் கோவிலைத் தூரத்தில் பார்க்கலாம், போக முடியாது. அவர்கள் பின்னர் தங்களுக்கென்று வேறொன்று கட்டிக்கொண்டார்கள்.

ஆறு யாருக்குச் சொந்தம்?

இனி வருவது வாசிக்கக் கஷ்டமான பகுதி.

ஒபர்பௌம் பாலத்துக்குப் பக்கத்தில், கிரொய்ஸ்பேர்க்குக்கும் பிரீட்ரிக்ஸ்ஹைனுக்கும் நடுவே ஷ்பிரே ஆறு ஓடுகிறது. ஓர் ஆறு இரண்டு மாவட்டங்களுக்கு நடுவில் ஓடினால் எல்லை ஆற்றின் நடுவில் இருக்கும் என்றுதான் நினைப்போம். இங்கே அப்படியில்லை. மாவட்ட எல்லைப்படி ஆற்றின் முழு அகலமும் பிரீட்ரிக்ஸ்ஹைனுக்குச் சேர்ந்தது. ஆகவே கிரொய்ஸ்பேர்க் கரையில் நிற்கிறவரின் காலடியில் மேற்கு பேர்லின் முடிந்துவிடும். கரையைத் தொடும் தண்ணீர் கிழக்கு பேர்லின்.

அந்தக் கரையில் பிள்ளைகள் விளையாடினார்கள். பக்கத்தில் நெருக்கமான பழைய குடியிருப்புகள், முற்றங்கள் சின்னவை, வேறு திறந்த இடம் குறைவு. 1966க்கும் 1975க்கும் இடையில் ஐந்து வயதிலிருந்து எட்டு வயது வரையான ஐந்து சிறுவர்கள் அங்கே தண்ணீரில் விழுந்து இறந்தார்கள். இரண்டு பேர் துருக்கியக் குடும்பத்துப் பிள்ளைகள், ஒருவன் இத்தாலியக் குடும்பத்துப் பிள்ளை, இரண்டு பேர் ஜேர்மன் பிள்ளைகள்.

மேற்கு பேர்லின் ஆட்கள் குதித்தால் அது எல்லை மீறல், கிழக்கு ஜேர்மன் காவலர்கள் சுடக்கூடும். மேற்கின் தீயணைப்புப் படை கரைவரை வந்தும் தண்ணீருக்குள் இறங்க முடியாமல் நின்ற நேரங்கள் உண்டு. அந்தப் பக்கத்துக் காவலர்களோ உடனே உதவிக்கு வரவில்லை. கடைசியாக இறந்த சிறுவன் 1975 மே 11ஆம் திகதி, தண்ணீரில் விழுந்த தன் பந்தை எடுக்கப் பார்த்தான். அன்று அவனுடைய ஐந்தாவது பிறந்தநாள்.

அதன்பிறகு கிரொய்ஸ்பேர்க் மக்கள் கரையில் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மேற்கு பேர்லினும் கிழக்கு ஜேர்மனியும் 1973 முதல் இழுபட்டுக்கொண்டிருந்த பேச்சுவார்த்தையை முடித்து, 1975 ஒக்டோபர் 29ஆம் திகதி ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. தண்ணீரில் யாராவது விழுந்தால் மேற்கிலிருந்தும் இறங்கிக் காப்பாற்றலாம் என்பது அதன் சாரம். ஒரு பிள்ளையை ஆற்றிலிருந்து தூக்க ஓர் ஒப்பந்தம் தேவைப்பட்டது. பெர்னௌவர் வீதி நினைவிடத்தில், சுவரால் உயிரிழந்தவர்களுக்கான நினைவுச் சாளரத்தில் இந்தப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். போனால் அவர்களின் பெயர்களை வாசியுங்கள்.

வந்தவர்களுக்கு ஒரு முத்திரை

அந்தக் கரையில் ஏன் துருக்கியப் பிள்ளைகள் இருந்தார்கள்? அதற்கும் சுவரே காரணம்.

சுவர் எழும்புமுன் கிழக்கு பேர்லினிலிருந்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தினமும் மேற்கே வேலைக்கு வந்தார்கள். ஒரே இரவில் அவர்கள் நின்றுபோனார்கள். தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் தேவை. 1961 ஒக்டோபர் 30ஆம் திகதி மேற்கு ஜேர்மனி துருக்கியோடு வேலையாட்களை வரவழைக்க ஒப்பந்தம் செய்தது. வந்தவர்களில் நிறையப் பேர் கிரொய்ஸ்பேர்க்கில் குடியேறினார்கள். முன்பு நகரத்தின் நடுவில் இருந்த இடம், இப்போது வடக்கிலும் கிழக்கிலும் சுவர் மறித்த ஒரு மூலை. வீடுகள் பழையவை, கழிப்பறை படிக்கட்டில். ஒரு பெரும் சாலைத் திட்டத்துக்காக இடிக்கப்போகிறார்கள் என்று சொல்லி, வீட்டுக்காரர்கள் திருத்த வேலை எதுவும் செய்யவில்லை. அதனால் வாடகை குறைவு.

பிறகு 1975இல் மேற்கு பேர்லின் அரசு, கிரொய்ஸ்பேர்க், டீர்கார்டன், வெட்டிங் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் வெளிநாட்டவர் புதிதாகக் குடியேறக்கூடாது என்று தடை போட்டது. கடவுச்சீட்டிலேயே முத்திரை குத்தினார்கள்: இந்த மூன்று மாவட்டங்களிலும் வசிக்க அனுமதியில்லை. அண்ணன் கிரொய்ஸ்பேர்க்கில் இருந்தாலும் தம்பி அங்கே வீடு எடுக்க முடியாது. மாவட்ட எல்லை இப்போது ஆட்களைப் பிரித்துப் பார்க்கும் வேலையும் செய்தது.

இது எங்களுக்குப் புதிய கதை அல்ல. அகதி மனு கொடுத்தவர்கள் தங்களுக்குக் குறித்துக்கொடுத்த மாவட்டத்தை விட்டு அனுமதியில்லாமல் வெளியே போகக்கூடாது என்ற விதியை மேற்கு ஜேர்மனி 1982இல் சட்டமாக்கியது. உங்கள் பெற்றோரோ மாமா சித்தப்பாவோ எண்பதுகளில் ஜேர்மனிக்கு வந்தவர்கள் என்றால் கேட்டுப்பாருங்கள். அடுத்த ஊரில் இருக்கும் சொந்தக்காரரின் கலியாணத்துக்குப் போவதற்குக்கூடக் கடிதம் எடுக்கவேண்டியிருந்த கதை அவர்களிடம் இருக்கும்.

எங்கள் ஆட்கள் வந்த வழி

1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து தப்பிய தமிழர் பலர் கிழக்கு பேர்லின் வழியாகத்தான் மேற்குக்கு வந்தார்கள். ஷொனெபெல்ட் விமான நிலையத்தில் இறங்கலாம். கிழக்கு ஜேர்மனி அவர்களைக் கடந்துபோகும் பயணிகளாகப் பார்த்து விட்டுவிடும். அங்கிருந்து பிரீட்ரிக் வீதி ரயில் நிலையம். அங்கிருந்து மேற்கே போகும் ரயில்.

மேற்குப் பக்கத்தில் ஏன் மறிக்கவில்லை? காரணம் அந்த எல்லைக் கோடுதான். மேற்கைப் பொறுத்தவரை அது இரண்டு நாடுகளுக்கு இடையிலான எல்லை அல்ல, ஒரே நகரத்துக்குள் இருக்கும் மாவட்ட எல்லை மட்டுமே. அங்கே கடவுச்சீட்டுச் சோதனை வைத்தால், பேர்லின் இரண்டு நாடாகிவிட்டது என்று தாங்களே ஒத்துக்கொண்டதாகிவிடும். அதனால் சோதனை வைக்கவில்லை. கிழக்கு சுவர் கட்டிக் காத்த அதே கோட்டில், மேற்கு கதவைத் திறந்தே வைத்திருந்தது.

பிரீட்ரிக் வீதி நிலையத்திலிருந்து தெற்கே போகும் நிலத்தடி ரயில், கிழக்கின் மூடிய நிலையங்கள் இரண்டை நிற்காமல் கடக்கும். பிறகு நிற்கும் முதல் நிலையம் கொஹ் வீதி. அது கிரொய்ஸ்பேர்க். அடுத்தது ஹல்லெஷெஸ் டோர், இந்த மாவட்டத்தின் முதல் பெயர். அந்த ரயிலில் ஏறிய ஒருவருக்கு மேற்கு என்பது கிரொய்ஸ்பேர்க்கிலேயே தொடங்கியது.

1985இல் மேற்கு ஜேர்மனியின் நெருக்குதலால், மேற்கு விசா இல்லாத இலங்கையரைக் கடந்துபோக விடுவதில்லை என்று கிழக்கு ஜேர்மனி ஒத்துக்கொண்டது. அதே ஆண்டு மேற்கு ஜேர்மனி அதற்கு வட்டியில்லாக் கடன் வசதியைக் கூட்டிக் கொடுத்தது. அடுத்த ஆண்டு மற்ற நாட்டவருக்கும் வழி அடைபட்டது. அந்தக் குறுகிய காலத்துக்குள் வந்து சேர்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இதை வாசிப்பவர்களில் இருக்கக்கூடும்.

ஒரு தோட்டமும் ஒரு பாலமும்

கோட்டை மதிக்காத ஒருவரின் கதையும் உண்டு. பெத்தானியன் டம் என்ற இடத்தில் எல்லை வளைந்து போனது. கிழக்கு ஜேர்மனி சுவரை நேராகக் கட்டிவிட்டதால் ஒரு முக்கோணத் துண்டு நிலம் சுவருக்கு மேற்கே விடுபட்டது. சட்டப்படி அது கிழக்கு, ஆகவே மேற்குப் பொலிஸ் தொடாது. சுவருக்கு வெளியே கிடப்பதால் கிழக்கும் கவனிக்கவில்லை. குப்பை குவிந்தது. 1980களின் தொடக்கத்தில் ஒஸ்மான் கலின் என்ற துருக்கியப் பெரியவர் அந்தக் குப்பையை அள்ளிவிட்டு வெங்காயம், உள்ளி நட்டார். கிழக்குக் காவலர்கள் வந்து விசாரித்துவிட்டு, இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். பழைய பலகைகளால் அங்கே அவர் ஒரு வீடும் கட்டினார். சுவர் போனது, கலின் 2018இல் காலமானார். அந்தத் தோட்டவீட்டை மட்டும் பார்க்க இன்றும் ஆட்கள் வருகிறார்கள்.

1989 நவம்பர் 9ஆம் திகதி சுவர் திறந்தது. ஒபர்பௌம் பாலத்தின் நடுப்பகுதியை 1945இல் ஜேர்மன் படையே வெடிவைத்துத் தகர்த்திருந்தது. அதை முழுதாகத் திருத்தி, சுவர் திறந்த ஐந்தாவது ஆண்டு நிறைவில் போக்குவரத்துக்குத் திறந்தார்கள். 1995இல் ரயிலும் அதன்மேல் மீண்டும் ஓடியது.

பிறகு பேர்லின் தன் நிர்வாகத்தைச் சுருக்கியது. கிழக்கில் புதிதாகச் சேர்ந்தவற்றோடு 23 ஆகியிருந்த மாவட்டங்கள் 2001 ஜனவரி 1ஆம் திகதி 12 ஆகின. செலவைக் குறைப்பதுதான் நோக்கம். பழைய சுவரைத் தாண்டி இணைந்த மாவட்டங்கள் இரண்டே இரண்டு. ஒன்று புதிய மிட்டெ. மற்றது பிரீட்ரிக்ஸ்ஹைன்-கிரொய்ஸ்பேர்க்.

இரு பக்கமும் முணுமுணுத்தார்கள். 1998 முதல் இரு பகுதி இளைஞர்களும் ஒபர்பௌம் பாலத்தில் கூடி, அழுகிய மரக்கறியும் மாவும் எறிந்து 'போர்' செய்தார்கள். யார் யாரைத் துரத்துவது என்று பகிடிக்கு ஒரு சண்டை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு அதே பாலத்தில் துவக்கோடு காவலர்கள் நின்றார்கள் என்று நினைத்துப் பார்த்தால், தக்காளி எறிவது எவ்வளவு நல்ல விஷயம்!

புதிய மாவட்டத்தின் சின்னத்தில் இருப்பது அந்தப் பாலம். பிள்ளைகள் இறந்த கரைக்கு முன்பு ஆபிரிக்காவில் ஜேர்மன் குடியேற்றக் கோட்டையை நிறுவிய ஒருவரின் பெயர் இருந்தது. 2010இல் அதை மாற்றி, மாய் அயிம் என்ற கறுப்பின ஜேர்மன் கவிஞரின் பெயரை வைத்தார்கள். இந்த மண்ணில் வளர்ந்தும் 'நீ எங்கிருந்து வந்தாய்?' என்ற கேள்வியை ஓயாமல் எதிர்கொண்ட தலைமுறையைப் பற்றி எழுதியவர் அவர். அந்தக் கேள்வி உங்களுக்கும் பழக்கமானதுதானே.

பேர்லினுக்குப் போனால் மாய் அயிம் கரைக்கு ஒருதரம் போங்கள். ஆற்றுக்கு அப்பால் ஓவியங்களோடு நீளமாகத் தெரிவது சுவரின் மிஞ்சிய துண்டு. நீங்கள் நிற்கும் இடமும் அந்தக் கரையும் இப்போது ஒரே மாவட்டம். அதற்கு முன், வீட்டில் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போங்கள்: நீங்கள் எந்த விமான நிலையத்தில் இறங்கி, எந்த ரயிலில் ஏறி, எந்த நிலையத்தில் முதலில் இறங்கினீர்கள்? பதிலை எழுதி வையுங்கள். மாவட்டக் கோடுகளை அரசிதழ் பத்திரப்படுத்திவிடும். அந்தக் கோட்டைக் கடந்தவர்களின் கதையை நாங்கள்தான் பத்திரப்படுத்தவேண்டும்.